மாதேஷ் வீசிய தலை

சனிக்கிழமை, இரவு.

பிள்ளை பெற்று வந்திருக்கும் மகளுக்குச் சூப்பு வைக்க, மண்டி மொஹல்லாவில் மாதேஷ் கடையில்தான் வாராவாரம் நாட்டுக்கோழி வாங்குகிறேன். இந்தக் கன்னட ஊரில் நம் தமிழ் பேசுகிறவன், ஏமாற்ற மாட்டான் என்று நம்பினேன். "கொள்ளேகால் பக்கம் காட்டுல மேஞ்சதுக்கா, மாதப்பா சாமி மேல ஆணை" என்பான். கோழியின் தலையை மட்டும் அவனே வெட்டிக் கழிவுக் கூடையில் வீசிவிடுவான்.

இன்று அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் மனைவி தலையையும் சேர்த்துப் பையில் போட்டுவிட்டாள். வீட்டில் கழுவும்போதுதான் பார்த்தேன், அலகின் நுனி வெட்டப்பட்டிருந்தது. பண்ணையில் நெருக்கி அடைத்த கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கத்தான் அப்படி வெட்டுவார்கள். காட்டில் கொத்தித் தின்னும் கோழிக்கு அலகை யார் வெட்டுவார்?

"விடும்மா" என்றாள் மகள். விடுவேனா? பச்சை உடம்புக்காரி குடித்த சூப்பு.

தலையை ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். நாளை ஞாயிறு, கடையில் கூட்டம் நெரியும். அவன் தராசிலேயே அதை வைத்து, "இது காட்டுல எதால கொத்தித் தின்னுச்சு மாதேஷா? மாதப்பா மேல ஆணையா சொல்லு" என்று கேட்கப்போகிறேன்.

தமிழில் கேட்டால் அவனுக்கு மட்டும்தான் புரியும். கன்னடத்தில் கேட்பேன்.