நான்கு பல் குறைவு

அன்புள்ள அம்மா,

முட்டிவலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை.

காலையில் பட்டறையில் ஒரு லாரியின் அச்சுகளைக் கழுவும்போது பல்சக்கரங்களை எண்ணினேன். முன்னதில் நாற்பத்தொரு பல். வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்த பின்னதில் முப்பத்தேழு. அவற்றைச் சுழற்றும் சின்னச் சக்கரங்கள் இரண்டிலும் ஒன்பதே பல். இப்படியே லாரியின் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்று மல்லுக்கட்டி, மலையில் ஏதாவது முறிந்துவிடும்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "எட்டாவதே தாண்டல, எனக்குக் கணக்கு சொல்றியா? போம்மா, போய்த் துடை." எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே மாட்டிவிட்டார்கள். டிரைவர் அண்ணனும், "மேஸ்திரிக்குத் தெரியாததா?" என்றார்.

வேலை போனால் எங்கே போவேன், அம்மா? பேசவும் ஆளில்லை. என் பழைய போர்வையை அனுப்பு, துவைக்காமல்.

டிரைவர் அண்ணன் சாப்பிட்டு வந்ததும் மலைக்குக் கிளம்புவார். நான் லாரியின் முன்சக்கரத்தை மறித்துத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.