பன்னிரண்டாம் குப்பி குறித்த ஓலை

நலம் ஓங்குக. மழை தவறாத செங்குவட்டு மலைக்கும் அதன் சுனைகளுக்கும் வரகு விளையும் சரிவுகளுக்கும் உரியவரும், பகைவர்க்கும் கதவடைக்காத பெருங்குன்றனாரின் திருமகனாரும் ஆகிய வேந்தர் இளங்குன்றனாரின் அடி தொழுது, வெண்மணற்றுறை நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செங்குவட்டின் தூதனாய் இருக்கும் அழிசி எழுதுவது. தங்கள் கோயிலும் கொடியும் குறைவின்றி விளங்குக; தங்கள் அரண்மனையில் உள்ளோர் அனைவரும் நோயின்றி வாழ்க. இங்கே நானும் உயிரோடு இருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் செங்குவட்டிலிருந்து ஓலை வந்தது கண்டு, அதைப் பிரிக்க மனமின்றி நெடுநேரம் மடியில் வைத்திருந்தேன். தங்கள் தந்தையார் மறைந்த செய்தியை அதில்தான் அறிந்தேன். ஊரெல்லாம் அழுது ஓய்ந்து எட்டுத் திங்கள் கழிந்தபின், அவருக்காக ஒருவன் இங்கே தனியே அழுதான். அதன் கீழே தங்கள் கட்டளை இருந்தது. எல்லை உப்பளங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்படிக்கை நாளில் இரு வேந்தரும் அருந்துவதற்கென்று பெருங்குன்றனார் என்னிடம் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு யவனக் குப்பிகளில் உள்ள திராட்சை மது இன்னும் குடிக்கத் தக்கதுதானா என்று பார்த்து எழுதுமாறும், தக்கதாயின் இங்கேயே காத்திருந்து அந்நாளில் வார்க்குமாறும், கெட்டிருந்தால் கொட்டிவிட்டு வீட்டைப் பூட்டி நாடு திரும்புமாறும் பணித்திருந்தீர்கள்.

இந்நாட்டுச் சட்டம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அயல்நாட்டு மது இம்மண்ணில் திறக்கப்படாமல் இருக்கும் வரை, பூரணைதோறும் துறைமுக அதிகாரி ஒருவர் வந்து, அதன் அரக்கு முத்திரை சிதையவில்லை என்று பார்த்துச் செல்ல வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக வருபவர் எயினனார் என்பவர். சிரிக்கவே தெரியாத மனிதர் என்று முதலில் எண்ணினேன். காலையில் வருவார், மணலில் கிடத்திய குப்பிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்து, பன்னிரண்டும் சரி என்பார். அதற்கு ஒரு மாடு கறக்கும் நேரம்கூட ஆகாது. பிறகு மாலை வரை இருப்பார். ஏன் இருக்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் வைக்கும் குழம்பில் உப்பு மிகுதி என்று குறை சொல்லிக்கொண்டே இருமுறை வாங்கி உண்பார். இந்நாட்டு வேந்தர் திரைக்கோனார் அடுத்த திருவிழா கழியட்டும் என்று சொல்லி அனுப்புவதும், திருவிழா கழிவதுமாகப் பத்தொன்பது ஆண்டுகள் போயின. எயினனாரைத் தவிர எவரும் என்னோடு அமர்ந்து உண்ண என் வாசற்படி ஏறியதில்லை.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் மணலை மாற்றும்போது, மூன்று குப்பிகளின் வாயில் மது புளித்த காடி மணம் வீசியது. அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் தங்கள் தந்தையார் கொட்டச் சொல்வார். கொட்டிவிட்டால் எயினனாருக்கு இங்கே வேலை இல்லை. துடைத்து மணலில் வைத்துவிட்டேன். எனக்கு வேறு ஆள் இல்லை, வேந்தே.

தங்கள் கட்டளை வந்தபின், மது நன்றாகவே இருக்கிறது என்று பொய்யாக ஓர் ஓலையும் எழுதினேன். பிறகு யோசித்தேன். திரைக்கோனார் வாயில் காடி பட்டால் அதை இகழ்ச்சி என்றே கொள்வார். அது உப்பளத்தில் வெயிலில் நிற்கும் இரு நாட்டு எளியோர் தலையில்தான் வந்து விடியும். அந்த ஓலையை முறித்து அடுப்பில் இட்டேன்.

சென்ற பூரணையன்று கட்டளையை எயினனாரிடம் சொன்னேன். செங்குவட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி இறந்து பதினோர் ஆண்டுகள் ஆயின என்றும், வீட்டுக் கூரை விழுந்துவிட்டதாகக் கேள்வி என்றும் சொன்னேன். அவர் முதல் குப்பியை எடுத்தார். வெண்கிண்ணத்தில் வார்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். முதலாவது புளிக்கரைசல் நிறம். இரண்டாவதில் அடியில் சேறு. ஐந்தாவதன் தக்கை தொட்டதும் பொடிந்தது. ஒன்பதாவது நல்ல மணம் வீசவே இருவரும் ஆவலோடு நாவில் வைத்தோம். வைத்ததும் இருவர் முகமும் கோணிற்று. அப்போது எயினனார் சிரித்தார். பதினான்கு ஆண்டுகளில் நான் அதைக் கண்டது அன்றுதான்.

பதினொன்றையும் தென்னையடியில் கொட்டினோம். பன்னிரண்டாவதை எயினனார் கையில் எடுத்தார். அரக்கைக் கட்டைவிரலால் தடவினார். மீண்டும் மணலிலேயே வைத்து மூடினார். பதினொன்று கெட்டமையால் இதுவும் கெட்டது என்று கொள்ளலாகாது என்றும், திறவாத குப்பிக்குத் தீர்ப்புக் கூற இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்றும், முத்திரை சிதையாத வரை தாம் பூரணைதோறும் வந்தாக வேண்டும் என்றும் கூறினார். அப்படி ஒரு சட்டம் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஆகவே வேந்தர் திருவுளம் கொள்ள வேண்டுவது: பதினொரு குப்பிகள் குடிக்கத் தகாதவை, இது உண்மை. எஞ்சிய ஒன்றை நம்பி உடன்படிக்கை நாளைக் குறிக்க வேண்டா. இரு வேந்தரும் இளநீர் அருந்திக் கை கொடுத்தாலும் போதும். அந்த ஒன்றைத் திறப்பதா, வைத்திருப்பதா என்று தங்கள் கட்டளை வரும் வரை நான் இங்கிருந்து அதைக் காப்பேன். ஓலை வந்து சேர எட்டுத் திங்களும் மறுமொழி வர எட்டுத் திங்களும் ஆகும் என்பதை நன்கு அறிவேன்.

இதில் எழுதியவை யாவும் மெய் என்பதற்குச் செங்குவட்டின் முத்திரையும் அதன் அருகே வெண்மணற்றுறையின் முத்திரையும் இடப்பட்டன. எயினனார் ஓலையை இருமுறை படித்தார். குழம்பின் உப்பை இன்னும் அழுத்தி எழுதியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இதைச் சுமந்து செல்வோனுக்கும் கலம் செலுத்துவோர்க்கும் ஆணை: காற்று எதிர்த்தால் கரையில் தங்குக, மழையில் மலை ஏறற்க, வழியில் உற்றார் இருப்பின் சில நாள் உடனிருந்து செல்க. விரைய வேண்டா.