ஊறப்போடாத விரிப்புகள்

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அவளும் சௌக்கியமா என்று கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு பெரிதாகவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி வானத்திலிருந்து ஒரு பாறை விழுந்து உலகமே அழியப்போகிறது என்று எங்கள் சலவைக் கூடத்தில் ஒரே பேச்சு. எல்லாரும் பேயறைந்த மாதிரி திரிந்தார்கள். நான் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தேன். சனிக்கிழமை துவைக்க வேண்டியதை ஊறப்போடவே இல்லை. இனி அதில் எவன் படுக்கப்போகிறான்?

பாழாய்ப்போன பொழுது விடிந்தது. ஆஸ்பத்திரி வண்டியும் வந்து நின்றது. சூப்பர்வைசர் என்னிடம் கத்தினார்.

"ஏம்மா, நெசமாவே அழிஞ்சிடும்னு நம்பிட்டியா?"

"நம்பலை சார். ஆசைப்பட்டேன்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

எனக்குச் சாக ஒன்றும் ஆசையில்லை. திங்கட்கிழமை நீங்கள் வந்து, பிரியச் சம்மதம் என்று என் வாயால் சொல்லவைப்பதற்குள் எல்லாருக்கும் சேர்த்து முடிந்துவிட்டால், கடைசிவரை உங்கள் பெண்டாட்டியாகவே போயிருப்பேன். என் வீடு மட்டும் இடிந்தது என்று பேச ஊரும் இருந்திருக்காது. அந்தப் பாறையும் உங்களை மாதிரியே வேறு பக்கம் போய்விட்டது.

அதனால் திங்கட்கிழமை சாயங்காலமே வாருங்கள். நீங்கள் கேட்பதற்குச் சரி என்று சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை துவைக்க வேண்டிய விரிப்புகளை ஊறப்போட்டுவிட்டுத்தான் வருவேன். வாசலில் கொஞ்சம் காத்திருங்கள், நான் காத்திருக்காததா?

இப்படிக்கு,
திங்கட்கிழமை சாயங்காலம்வரை
உங்கள் மனைவி