டிரைவர் பக்கக் கதவு

என் அன்பு சுந்தரி அத்தைக்கு,

இதில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன், எனக்கு அவமானமானதையும் சேர்த்து.

முதலில் நல்ல செய்தி. உங்கள் காரின் டிரைவர் பக்கக் கதவு திறந்துவிட்டது. ஆறு வருடமாக இடது பக்கம் ஏறி, சேலையைச் சுருட்டிப் பிடித்து, கியரைத் தாண்டி உட்கார்ந்தீர்களே, அந்தக் கதவுதான். திறந்தது நான்!

நீங்கள் கண்ணை மூடியபின் ஐந்து மாதமாகக் கார் அசையவில்லை. அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டாள், தெரியுமா? ஆனால் முழங்கால் வலியோடு அவளால் கியரைத் தாண்ட முடியவில்லை. ஓட்ட ஆளில்லாத வண்டியை ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக அப்பா சொன்னார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை, நூலகத்தில் எடுத்த கார் ரிப்பேர் புத்தகத்தை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் துணியை விட்டு இழுத்ததும் கிளிப் தெறித்து, அது கழன்றது. பிறகு கதவின் உள்பலகை, பிளாஸ்டிக் தாள். உள்ளே கையை விட்டு, பூட்டோடு சேர்ந்த மெல்லிய கம்பியை விடுவித்தேன். இறுகிக் கிடந்த லாக் பொத்தான் மேலே எழும்பியது. கதவைத் தள்ளினேன். எதிரே, திறந்த கதவின் வழியாக, அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள்.

பூட்டைப் பிடித்திருந்த தகட்டைக் குறட்டால் உருவியதும் பூட்டு அவள் கையில் விழுந்தது. சாவித் துவாரத்துக்குள் பாதி ஹேர்பின்.

அது என்னுடையது, அத்தை. மூன்றாம் வகுப்பில் ஒரு துப்பறியும் கதையை நம்பி, ஹேர்பின்னை விட்டு உங்கள் பூட்டைத் திறக்கப் பார்த்தேன். உடைந்த மறுபாதியை வாறுகால் சாக்கடையில் போட்டேன். அன்றுதான் கார் சர்வீஸிலிருந்து வந்திருந்தது. நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் அண்ணாச்சிதான் பூட்டைக் கெடுத்தார் என்று திட்டினீர்கள். அவர் கடையில் பிறகு வண்டியை விடவேயில்லை. உங்களிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் போதவில்லையா?

“ஏட்டி, வண்டியில ஏறு. அவரு முன்னால நின்னு நீயே சொல்லு” என்றாள் அம்மா. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினோம். அவள் தன் கதவைத் திறந்து ஏறினாள். ராஜபாளையத்திலிருந்து அங்கு போய்ச் சேரும்வரை ஒரு இடத்திலும் வண்டியை அணையவிடவில்லை.

நான் ஹேர்பின்னைக் காட்டி, எல்லாம் சொன்னேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“உங்க அத்தை கடையைத் தாண்டுறப்பல்லாம் நீட்டி ஹாரன் அடிப்பாவ. வணக்கம் சொல்லுதாவன்னுல்லா நான் கையைத் தூக்குவேன்.”

பூட்டைச் சுத்தம் செய்து அவரே மாட்டிக் கொடுத்தார். வீட்டு வாசலில் அம்மா சாவி போட்டுக் கதவைப் பூட்டிக் காட்டியதும், அப்பா இரும்புக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

அத்தை, இனி அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அம்மாவை ஹாரன் அடிக்கச் சொல்வேன். அது வணக்கமாகவே இருக்கும். சத்தியம்.

உங்கள் அண்ணன் மகள்,
கயல்விழி

பி.கு.: திரும்பும்போது இருட்டிவிட்டது. பேட்டரி போய்விடும் என்று நீங்கள் சத்தம் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் லைட்டை அணைத்துவிட்டோம்.