வலது கண் மட்டும்

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீருவதற்குள் அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

ஒரு விஷயம், பயப்படாதீர்கள். உங்கள் மகன் போனதிலிருந்து என் வலது கண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அழுதழுது இப்படி ஆகிவிட்டது என்று நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடுகிற அக்காதான் விடவில்லை. "ஒத்தக் கண்ணால யாராச்சும் அழுவாங்களாடி?" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். கன்னத்து எலும்புக்குள் காற்று நிற்கிற அறை ஒன்று உண்டாம். அதன் வாசல் அடைத்து, அறை சுருங்கி, கண்ணைத் தாங்குகிற எலும்பும் இறங்கிவிட்டதாம். வலியே இருக்காதாம், அபூர்வமாகத்தான் வருமாம். அடுத்த மாதம் மூக்கு வழியாகவே அந்த வாசலைத் திறந்துவிடுவார்கள். முகத்தில் தையல் வராது, பார்வைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அப்போ அழுததால இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க தாராளமா அழலாம்" என்றார். சிரித்துவிட்டேன், அத்தை.

முன்பு கண் எப்படி இருந்தது என்று பார்க்கப் பழைய போட்டோ வேண்டுமாம். உங்கள் மகன் படத்துக்கு மாலை போட நாங்கள் சேர்ந்து நின்ற போட்டோவை வெட்டினோமே, என் பாதி உங்கள் பீரோவில் இருக்கும். போனில் எடுத்து அனுப்பினாலே போதும் என்கிறார் டாக்டரம்மா. எனக்கு அந்தப் போட்டோவே வேண்டும். என் தோளில் அவர் விரல்கள் மட்டும் தெரியும். பார்க்க நன்றாயில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மருமகள்