செந்தில் கொடுத்த வேக்குவம் கிளீனர்

12.8.1995, சனி

மூன்று வாரமாகக் கழற்றிப் போட்டிருந்த பழைய வேக்குவம் கிளீனர் இன்று ஓடியது. மோட்டாரில் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷும் பெல்ட்டும் புதிதாக மாற்றினேன். பார்வதிக்கு ஒரே சந்தோஷம், அவள் தம்பி செந்தில் கொடுத்ததாயிற்றே. சிங்கப்பூரில் இருந்து திரும்பிய ஒருத்தர் வேண்டாமென்று தந்ததாகச் சொல்லியிருந்தான்.

பிறகு தூசிப் பையைப் பிரித்தேன். வீட்டுக் குப்பை எதுவுமில்லை, பை நிறையப் பஞ்சு. செந்தில் வேலை பார்ப்பது போத்தனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில்.

சாயங்காலம் வந்தான். பையைப் பற்றி மூச்சு விடாமல், "இது யாரூட்டுதுங்க மாப்ள?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னனுங்களே மாமா. அவுங்கூட்ல பஞ்சு மெத்தை நெறையங்க, அதான் உள்ள பஞ்சா இருக்குது."

நான் பஞ்சு என்றே சொல்லவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அடுத்த வாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இது மில் சாமான் என்று பார்வதியிடம் எப்படிச் சொல்வது?

"ஏனுங்க, ஹாலைக் கூட்டிப் பாக்கலாங்களா?" என்றாள்.

"மறுபடியும் நின்னுபோச்சு" என்று சொல்லிப்போட்டேன்.

அவளே ஸ்விட்சைப் போட்டாள். நன்றாக ஓடியது. அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எந்தம்பி குடுத்ததுன்னா உங்களுக்குப் புடிக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.