கிராம்பு இரண்டு ஜோடி

இன்று காலை கடையைத் திறந்து தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது உன் தங்கை வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் அந்தக் காக்கிப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். மடவார் வளாகத்து வீட்டை ஒதுங்க வைக்கும்போது கிடைத்ததாம். பாதத்தில் கட்டுகிற சாமான் மாதிரி இருக்கிறது, அடியில் பார்த்தால் ஆணி ஆணியாக இருக்கிறது, அக்கா ஆணிச்செருப்பு போட்டு நடப்பதாக எந்தக் கோயிலுக்காவது நேர்ந்திருந்தாளா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். நீ போய் நாலு மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். அவளும் காரணம் தெரியாமலேயே கூடச் சிரித்தாள்.

பையைப் பிரித்ததும் என் மிஷின் எண்ணெய் வாசம் வந்தது. நான் கொடுத்த எண்ணெயேதான். பல் பல்லாகத் துடைத்துத் தடவி, பழைய வினாத்தாளில் பொதிந்து வைத்திருக்கிறாய். ஒரு பொட்டுத் துரு இல்லை. என்னுடைய ஜோடி பரணில் செம்பழுப்பாகக் கிடக்கிறது. அதை உன்னிடம் சொல்ல இப்போதும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் நமக்குத் தேவையா என்று நான் அன்றைக்கே கேட்டேன். ஒரே வகுப்பில் படித்தோம். நான் தையல் கற்று இங்கேயே கடை போட்டேன். நீ பிள்ளைகளுக்கு விசில் ஊதுகிற பி.டி. டீச்சராகிப் பக்கத்து ஊருக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாய். அப்படி ஒரு ஞாயிறு, நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "ஏட்டி சம்சாத்து, வடக்க பனிமலைக்குப் போறோம்." போகிறேன் என்றல்ல, போறோம் என்று. என் பெயரையும் பணத்தையும் அதற்கு முந்தின வாரமே கட்டியிருந்தாய்.

பனிக்கட்டியில் நடக்க ஷூவுக்கு அடியில் கட்டுகிற இரும்புப் பல் வேண்டும், கிராம்பன் என்று பெயர், அங்கே வாடகைக்கும் கிடைக்கும் என்றாய். அப்படியானால் வாடகைக்கு எடுத்துக்கொள்வோமே என்றேன். எவள் காலில் இருந்ததோ, எப்படி வைத்திருந்தாளோ, உயிரை அதில் வைக்கமாட்டேன் என்று பெங்களூரில் சொல்லி இரண்டு ஜோடி வரவழைத்துவிட்டாய். பார்சல் வந்த அன்று என்ன வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கிராம்பன் என்றேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனத்துக்குக் கிராம்பு வாங்கினால் பேரன் பேத்தி கல்யாணம் வரை பிரியாணிக்குக் காணுமே என்றார்.

கடையிலேயே அளவு பார்த்தோம். முன்பாதத்துக்கு ஒரு துண்டு, குதிகாலுக்கு ஒரு துண்டு, இரண்டையும் சேர்க்க நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு பட்டை. ஓட்டையை மாற்றினால் நீளம் கூடும், குறையும். வாரைக் கட்டுவதற்கு முன்னாலேயே அது ஷூவைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும், தூக்கி ஆட்டினாலும் விழக்கூடாது என்றாய். எனக்கு ஓர் ஓட்டை தள்ளிப்போயிருந்தது. இது போதும், வாரை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். அப்போது நீ சொன்னதை இப்போதும் கத்திரிக்கோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

"ஜாக்கெட்டுல அரை இஞ்ச் தப்புனா பிரிச்சுத் தைக்கலாம். இதுல தப்புனா ஆளைத்தான் தைக்கணும்."

பக்கிள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும், மிச்ச வாரைத் தொங்கவிடாமல் சொருக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த காலின் பல் அதில் மாட்டும் என்று என்னைப் பத்துத் தடவையாவது கட்டிக் கழற்ற வைத்தாய். அளவு கொடுக்க வந்த ஒரு பெண் என் காலைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். இன்றுவரை வரவில்லை.

பேன்ட்டு அகலமாக இருந்தாலும் பல் மாட்டும் என்றாய். அது என் தொழில். பழைய குடைத் துணியில் முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு ஜோடி உறை தைத்தேன். கறுப்புத் துணி உன்னுடையதற்குப் போதவில்லை. மேலே ஒரு சாண் பூப்போட்ட நைட்டித் துணி சேர்த்தேன். நீ முகத்தைச் சுளித்தாய். ஆனால் போட்டுக்கொண்டாய்.

பிறகு பயிற்சி. செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மண்சரிவு இருக்கிறது, அதில் ஏறி இறங்கிப் பழகலாம் என்று கூட்டிப்போனாய். செக்போஸ்ட்டில் இருந்த வனக்காவலர் பையைத் திறந்தார். உள்ளே நாலு இரும்பு, நாற்பது பல். காட்டுக்குள் எந்த மிருகத்துக்கு வைக்கக் கொண்டுபோகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். இது கண்ணி இல்லை, செருப்பு என்றாய். அப்படியானால் போட்டு நடந்து காட்டுங்கள் என்றார். தார் ரோட்டில் நடந்தால் கூர் மழுங்கிவிடும் என்று நீ தகராறு செய்தாய். கடைசியில் ஓரத்து மண்ணில், கால் இரண்டையும் அகட்டி வைத்து, வாத்து மாதிரி நடந்து காட்டினாய். அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டு, இதையெல்லாம் உள்ளே கொண்டுபோக முடியாது, வீட்டுக்குப் போங்கள் என்றார். என்ன எழுதியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'கிராம்பு - இரண்டு ஜோடி.'

அடுத்த இடம் என் கொழுந்தன் வேலை பார்த்த ஐஸ் கம்பெனி. ஐஸ் பாளங்களை வரிசையாகத் தரையில் அடுக்கச் சொல்லி அதன்மேல் நடந்தோம். குதிகாலை மட்டும் ஊன்றாதே, அடிப்பல் அத்தனையும் ஒரே நேரத்தில் கடிக்க வேண்டும் என்று நீ போட்ட சத்தத்தில் லோடு ஏற்ற வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். மறுநாள், ஐஸெல்லாம் இட்லித்தட்டு மாதிரி குழி குழியாக இருக்கிறதே என்று மீன்கடைக்காரர் கேட்டாராம். கொழுந்தன் ஒரு வாரம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதிலும் இதிலும் நடந்து பல் மழுங்கிப்போனது. தெருமுனைப் பட்டறைக்காரர், கல்லில் பிடித்தால் நாலு நிமிஷ வேலை அக்கா என்று மிஷினை ஓடவிட்டார். முதல் பொறி பறக்குமுன் நீ பிடுங்கிக்கொண்டாய். சூடேறினால் இரும்பின் உரம் போய்விடும், பிறகு மலையில் மடங்கும் என்று அவருக்கே பாடம் எடுத்தாய். ஒரு ஞாயிறு முழுக்க என் கடை வாசலில் உட்கார்ந்து கையரத்தால் ராவினாய். என் வீட்டுக்காரர் டீ கொடுத்துவிட்டு, டீச்சர், என் அரிவாள்மணையும் ஒன்று இருக்கிறது என்றார். அதையும் ராவிக் கொடுத்தாய்.

இவ்வளவு செய்தவள் நீ. அதனால்தான் அன்று பனிச்சரிவின் நடுவில் நீ நின்றபோது, என்னவோ அழகாகத் தெரிகிறது, பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

அகலம் நம் பழைய பஸ் ஸ்டாண்டு அளவுதான் இருக்கும். குறுக்கே கடக்க வேண்டும். பிடிக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். கீழே நீலமாக ஒரு வெடிப்பு. வழிகாட்டியும் மற்றவர்களும் அக்கரைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் நாம் இருவர், நீ எனக்கு முன்னால். வழிகாட்டி இந்தியில் கூப்பிட்டார். நீ அசையவில்லை. அப்போதுதான் உன் காலைப் பார்த்தேன். பூப்போட்ட துணி நடுங்கியது. பயத்தில் நீ மலைப்பக்கம் சாய்ந்திருந்தாய். சாய்ந்ததில் அடிப்பற்களில் பாதி ஐஸை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றன. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கால் உருவிக்கொண்டு போய்விடும் என்று எனக்கே தெரிந்தது. நீ கற்றுக்கொடுத்ததுதானே.

உன் பக்கத்தில் வந்து, என்னட்டி என்றேன்.

"என்னால ஏலாது சம்சாத்து. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். நீ போ."

ஏதோ திருவிழாக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைத்தவள் மாதிரி சொன்னாய். வழிகாட்டி அக்கரையில் இருந்தார், இந்தப் பக்கம் உன்னைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை. கெஞ்சினால் நீ கேட்கமாட்டாய் என்பது மட்டும் தெரியும். அதனால் உன் குரலையே எடுத்தேன்.

"மலைப்பக்கம் சாயாத. நிமிந்து நில்லு. பாதத்தைப் பதிய வையி. லெப்ட்டு."

இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல் உன் காலுக்குக் கேட்டுவிட்டது. லெப்ட்டு வைத்தாய். ரைட்டு என்றேன். ரைட்டு வைத்தாய். பல்லுக்கு இடையில் பனி உருண்டை கட்டிக்கொண்டபோது நிறுத்தி, பனியில் ஊன்றி நடக்கக் கொடுத்திருந்த கைக்கோடரியின் காம்பால் உன் ஷூவின் பக்கவாட்டில் தட்டி உதிர்த்தேன். மறுபடி லெப்ட்டு. அக்கரை வரும்வரை நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வந்ததும் கல்லில் உட்கார்ந்தாய். தண்ணீர் குடித்தாய். பிறகு, "ஊர்ல சொல்லிராதட்டி" என்றாய். சொல்லமாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

நான் சொல்லவில்லை. நீ சொன்னாய். திரும்பி வரும் ரயிலில் எதிர் சீட்டு அம்மாவிடம், இவள் பாதியில் நின்றுவிட்டாள், நான்தான் கூட்டி வந்தேன் என்று என் முன்னாலேயே ஆரம்பித்தாய். மதுரை தாண்டுவதற்குள் உன் கதையில் நான் அழ ஆரம்பித்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது நீ என்னை முதுகில் சுமந்துகொண்டிருந்தாய்.

அம்புட்டா பயந்தே என்று என் வீட்டுக்காரர் கேட்ட அன்று உன்னோடு பேச்சை நிறுத்தினேன். இரண்டு ஞாயிறு நீ வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பால்கோவாவோடு வந்து, கட்டிங் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாய்.

"பயப்படாத, தாண்டுன்னு பிள்ளைகள்ட்ட கத்துறவ நான். நானே நின்னேன்னு தெரிஞ்சா ஒருத்தியும் தாண்ட மாட்டா. நீ தையக்காரி. நீ பயந்தா யாருக்கு என்ன?"

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாகவும் இருந்தது. சரி, அழுததையாவது எடுத்துவிடு என்றேன். பேரம் பேசினாய். அழுகையை நடுக்கமாகக் குறைத்தாய். முதுகில் சுமந்ததைக் கைப்பிடித்து நடத்தியதாக மாற்றினாய். பால்கோவாவைச் சாப்பிட்டோம்.

நீ போனது ஒரு சாதாரண வியாழக்கிழமை. மைதானத்திலிருந்து வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாய், அவ்வளவுதான். பத்தாம் நாள் உன் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தலைமையாசிரியை பேசும்போது பனிமலைக் கதையைச் சொன்னார். பேரம் பேசிக் குறைத்ததெல்லாம் அவரிடம் வந்து சேரவில்லை. அழுகையும் இருந்தது, முதுகும் இருந்தது. அந்தத் தோழி இங்கே வந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேசுவார் என்று என்னைக் கூப்பிட்டார்.

மைக் முன்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால் உனக்கு இனி என்ன நட்டம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. முன்வரிசையில் உன் பிள்ளைகள் விளையாட்டு உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அவர்களைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமா. நான்தான் நின்னுட்டேன். லெப்ட்டு ரைட்டு சொல்லி அவதான் என்னைக் கூட்டிட்டு வந்தா. நான் ரொம்ப அழுதேன்."

மேடையிலிருந்து இறங்க மூன்றே படி. தலைமையாசிரியை ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கீழ பாக்காதீங்கம்மா, மெதுவா" என்றார். பிடிக்கவிட்டேன்.

அதிலிருந்து உன் ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எனக்குப் படியில் கை கொடுக்கிறார்கள். டீச்சர் சிநேகிதி, உயரம் என்றால் பயப்படுவார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். நானும் கொஞ்சம் நடுங்கிக் காட்டுகிறேன். உன் பயம் என்னிடம் இருக்கிறது, ஏட்டி. யார் கேட்டாலும் என்னுடையது என்றே சொல்கிறேன்.